இரண்டு மணி முதல் நாலரை வரை

மே 5, திங்கள்

இன்றும் இரண்டு மணியிலிருந்து நாலரை வரைக்கும் பதிவு கெட்டிருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் இப்படித்தான் இருந்தது, தற்செயல் என்று விட்டுவிட்டேன்.

நான் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ஆதிரைக்குப் பதிமூன்று மாதம். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை வனஜாக்கா பார்த்துக்கொள்கிறார். படுக்கையறை அலமாரியில் கரடி பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேமரா வைத்திருக்கிறேன். அது பார்ப்பதை அதே அறையில் இருக்கும் என் கணவர் தினகரின் கம்ப்யூட்டர் அரை மணிக்கு ஒரு கோப்பாகச் சேமித்துவைக்கும். ஒரு நாளைக்கு இருபது கோப்பு. வனஜாக்காவுக்கு இது தெரியாது. அவரை வேவு பார்க்க வைத்ததல்ல, என் மன அமைதிக்கு வைத்தது.

கெட்டவை ஐந்து. இரண்டு திறக்கவே இல்லை. மற்ற மூன்றில் ஆதிரையின் முகம் பச்சைச் சதுரங்களாக உடைந்து, அப்படியே நின்றுவிடுகிறது. மீதிப் பதினைந்தும் கண்ணாடி மாதிரி.

தினகரிடம் காட்டினேன். "மலிவு கேமரா, அப்படித்தான் இருக்கும்" என்றார். மலிவு கேமராவுக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்டேன்.

காலையில் கிளம்பும்போது ஒன்றும் மறக்கவில்லை. கேஸ் மூடினேன். ஜன்னல்களைச் சாத்தினேன், பக்கத்து மனையில் கட்டடம் இடிப்பதால் தூசி. ஏசி ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். குழந்தையை ஹாலுக்குக் கொண்டுபோகாமல் படுக்கையறையிலேயே வைத்திருக்கும்படி வனஜாக்காவிடம் இன்னொரு முறை சொன்னேன். ஹாலில் கேமரா இல்லை.

பால் புட்டிகளைக் கொதிக்கவைத்தாயிற்று. நாளைக்குக் கேரட்.

மே 6, செவ்வாய்

என் பிழைப்பே இதுதான். யாரோ எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்லும் டெஸ்டிங் வேலை. ஏழு வருடமாகச் செய்கிறேன். முதல் விதி, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவது விதி, பிழையை நம் கண்முன் மறுபடி நடக்கவைக்க வேண்டும். நடக்கவைக்க முடிந்தால் பாதி பிடித்த மாதிரி.

கேமராவின் ஒயரை மாற்றினேன். இன்றும் அதே ஐந்து.

மே 7, புதன்

வீட்டிலிருந்து வேலை. இருபதும் சுத்தம்.

மே 8, வியாழன்

சேமிக்கும் டிஸ்க்கை மாற்றினேன். பழையதை எடுத்துவிட்டு, வாங்கி ஆறு மாதமே ஆன டிஸ்க்குக்குத் திருப்பிவிட்டேன். வைரஸ் சோதனையும் ஓட்டினேன், ஒன்றுமில்லை. ஆபீசிலிருந்து ஓடிவந்து பார்த்தால் இரண்டிலிருந்து நாலரை. அதே ஐந்து. டிஸ்க் இல்லை, ஒயர் இல்லை.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மதியம் ஒரு தகவல் வந்திருந்தது. எங்கோ ஓர் ஊரில் ஆயா ஒருத்தி குழந்தைக்குத் தினமும் சளி மருந்தை ஊற்றித் தூங்கவைத்துவிட்டுத் தானும் தூங்குவாளாம். உண்மையோ பொய்யோ தெரியாது. இருபத்தொன்பது பேர் அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

நான் வந்தபோது ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறே முக்காலுக்கு. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தூக்கினால் துணி மாதிரி தோளில் விழுந்தாள்.

"எப்பக்கா தூங்கினா?"

"மதியம் பூரா சிணுங்கினாம்மா. அஞ்சு மணிக்கு மேலதான் கண்ண மூடுச்சு."

"நேத்து எங்கிட்ட ரெண்டு மணிக்கே தூங்கிட்டாளே."

"உங்கிட்ட தூங்கும்மா" என்றார் வனஜாக்கா. அதை ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

மே 9, வெள்ளி

காலையில் வனஜாக்கா பாத்ரூமில் துணி அலசும்போது அவள் பையைத் திறந்து பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஒரு தாய் வேறென்ன செய்வாள்.

சோற்று டப்பா, துண்டு, மூக்குக் கண்ணாடி, பஸ் டிக்கெட்டுகள். அடியில் ஒரு சின்னப் பழுப்பு பாட்டில். மேலே பேர் ஒட்டவில்லை. மூடியைத் திறந்தால் இனிப்பும் மருந்தும் கலந்த வாசனை. அப்படியே எடுத்து என் அலமாரியில் வைத்தேன். அவள் தேடவில்லை. தேடாததும் ஒரு கணக்குத்தான்.

ஐந்து கோப்புகள் இன்றும்.

மே 11, ஞாயிறு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓர் இடத்தில்கூடக் கறை இல்லை. நாங்கள் இருந்தோம்.

அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். விசைப்பலகையில் யாரும் கை வைத்ததாகப் பதிவே இல்லை, கோப்புகள் மாற்றப்பட்ட நேரமும் சரியாக இருக்கிறது. அப்படியானால் வேறு யாரோ வெளியிலிருந்து செய்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரை ஆபீசிலிருந்தே தன் போனில் திறக்கக்கூடியவர் ஒருவர்தான்.

தினகரிடம் நேற்றுக் காலை கேட்டேன், "நீங்க அதுல ஏதாவது செஞ்சீங்களா?" "இல்லப்பா." நேற்று மாலை பருப்பு தாளித்துக்கொண்டே கேட்டேன். "இல்லன்னு சொன்னேனே." இன்று டயப்பர் மாற்றும்போது கேட்டேன். "எதுல என்ன செஞ்சேன்னு கேக்கற?" என்றார். மூன்று முறை கேட்டதில் முதல் முறையாகப் பதில் மாறுகிறது. குறித்துக்கொண்டேன்.

வனஜாக்காவை ஏற்பாடு செய்தது அவர்தான். விடிகாலையில் சி பிளாக் டீச்சரம்மா வீட்டில் சமைக்கிறார், நல்ல மாதிரி என்று சொல்லிக் கூட்டிவந்தார்.

மே 13, செவ்வாய்

சோதனை. வனஜாக்காவுக்கு இன்று லீவு கொடுத்துவிட்டு நானும் லீவு போட்டேன். மற்ற எல்லாம் அப்படியே. அதே கேமரா, அதே டிஸ்க், ஆதிரை அதே கட்டிலில். மாறியது ஆள் மட்டும்.

வெயில் கொளுத்தியது. நாங்கள் இருப்பது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள தளம், அறையோ மேற்குப் பார்த்தது. பதினோரு மணிக்கே ஏசி போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டோம். ஆதிரை ஒன்றே முக்காலிலிருந்து நாலு மணி வரை சமர்த்தாகத் தூங்கினாள்.

இருபதும் சுத்தம். இனி யோசிக்க ஒன்றுமில்லை.

மே 15, வியாழன்

காலையிலேயே கேட்டுவிட்டேன். தினகர் கிளம்பிப் போன பிறகு.

"அக்கா, ரெண்டு மணிக்கு மேல தினமும் என்ன பண்றீங்க?"

"இன்னாம்மா பண்ணுவேன். பாப்பாவ தூங்கவைப்பேன்."

"எப்படி?"

"எப்படின்னா, தோள்ல போட்டுத்தான்."

பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அட, இங்கயா கீது. பஸ்ல விட்டுட்டேன்னு நெனச்சேன். நன்னாரிம்மா. தண்ணில ஊத்திக் குடிப்பேன், சூட்டுக்கு." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "என் பையத் தொறந்தியா?"

"குழந்தைக்கும் இதக் குடுத்தீங்களா? இல்ல, இதுல வேற ஏதாவது கலந்திருக்கா?"

பாட்டிலைத் திறந்து, இருந்ததில் பாதியை என் எதிரிலேயே குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு அலமாரியைக் காட்டினாள்.

"கரடி பக்கத்துல ஒண்ணு செவப்பா மினுக்குதே, அதுலதான பாக்கற? மொத நாள்லேர்ந்து நானும் அதப் பாத்துனுதான் கீறேன். சொல்லு, அதுல இன்னா தெரிஞ்சுது?"

"அந்த ரெண்டரை மணி நேரம் மட்டும் தெரியல."

"தெரியாததுக்கா என்னிய இந்தக் கேள்வி கேக்கற?"

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றேன். பையை எடுத்துக்கொண்டாள். கட்டில் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதன்பின் குழுவில் எழுதினேன். மற்ற தாய்மார்களுக்குத் தெரிய வேண்டாமா? அவள் போட்டோவைப் போட்டு, 'குழந்தைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைப்பதாக வலுவான சந்தேகம், வீட்டில் சேர்க்கும் முன் யோசியுங்கள்' என்று. நாற்பத்தொரு பேர் நன்றி சொன்னார்கள். மாலைக்குள் கேட்டில் சூப்பர்வைசர் அவள் பேரை உள்ளே விடக்கூடாதவர்கள் பட்டியலில் ஏற்றிவிட்டார்.

தினகர் இரவுச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு ஆதிரையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். கூப்பிட்டுப் பேச எனக்கும் தெம்பில்லை.

மே 16, வெள்ளி

ஆதிரையை டி பிளாக் காப்பகத்தில் விட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஆபீஸ் போனோம். கேமராவை நிறுத்த மறந்திருக்கிறேன்.

பூட்டிய வீடு. வெறும் கட்டில். இரண்டு மணியிலிருந்து நாலரை வரை ஐந்து கோப்புகள் கெட்டிருக்கின்றன.

நான்கு முறை பார்த்தேன். கட்டில், தலையணை, பச்சைச் சதுரங்கள்.

மே 17, சனி

காலையில் வெறும் கட்டிலைத் தினகரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பொங்கல் லீவுல கொஞ்சம் ஓவர்க்ளாக் பண்ணிவச்சேன்" என்றார்.

அதாவது, தயாரித்த கம்பெனி இவ்வளவு வேகம் போதும் என்று நிறுத்திய இடத்துக்கு மேலே கம்ப்யூட்டரை முடுக்கிவிடுவது. கேமுக்காக. குழந்தை பிறந்த பிறகு கேம் விளையாடுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் சொல்லவில்லையாம். மூன்று முறை கேட்டதற்கு அவர் ஒளித்தது இதைத்தான்.

"டெஸ்ட் பண்ணித்தான் வச்சேன். ஆறு மணி நேரம் ஓடிச்சு, ஒரு தப்பு வரல."

"எப்ப?"

"நைட்டு. ஜனவரில." ஏசி பக்கம் நிமிர்ந்து பார்த்து, "ஏசி ஓடிட்டிருந்துச்சு" என்றார்.

மெமரியைச் சோதிக்கும் நிரலை பென் டிரைவில் போட்டு ஓட்டினோம். கம்ப்யூட்டர் தன் நினைவில் ஒன்றை எழுதி, உடனே திருப்பிப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். தவறினால் திரையில் சிவப்பு வரி வரும். பதினொன்றரை முதல் ஒன்றரை வரை ஒரு சிவப்புகூட இல்லை. தினகர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

நான் சொன்னேன், "ஏசிய நிறுத்துங்க. ஜன்னல சாத்துங்க."

ஆதிரையை அவர் ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் உள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பிழையைக் கண்முன் நடக்கவைக்க வேண்டும் அல்லவா. மேசைக் கடிகாரத்தில் வெப்பமும் தெரியும். இரண்டே காலுக்கு முப்பத்தாறு. மின்விசிறி சுற்றியது, அடுப்புக்கு முன்னால் நின்று விசிறுகிற மாதிரி இருந்தது. சுவரில் கை வைத்தால் சுட்டது. இரண்டு ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. முதல் சிவப்பு வரி. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை, திரை முழுக்கச் சிவப்பாக ஓடியது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம்கூட இருந்திருக்க மாட்டேன்.

தினகர் வேகத்தைப் பழையபடி குறைத்தார். அதே சூட்டில் மறுபடி ஓட்டினோம். ஒரு சிவப்பு இல்லை. "சரியாப்போச்சு" என்றார்.

ரிமோட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்றுதான் பூட்டிவைத்தேன்.

மே 18, ஞாயிறு

கெட்ட வீடியோவிலிருந்து பிழைத்த படங்களை மட்டும் பிரித்தெடுக்கும் நிரல் ஒன்று கிடைத்தது. மே ஐந்து முதல் பதினான்கு வரையிலான கெட்ட கோப்புகளையெல்லாம் அதில் போட்டேன். மொத்தம் முப்பத்தேழு படங்கள் தேறின.

ஒரு படத்தில் வனஜாக்கா ஈரத்துண்டால் ஆதிரையின் கால் மடக்குகளைத் துடைக்கிறார். ஒன்றில் துண்டு கட்டில் கம்பியில் விரித்திருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலும் டயப்பர் பெட்டியைக் கிழித்த அட்டை ஒன்று அவர் கையில். கை மேலே இருக்கிறது. அடுத்த படத்தில் கீழே. அடுத்ததில் மேலே, அதற்கும் இதற்கும் பதினோரு நிமிட இடைவெளி. ஒன்பதாம் தேதி இரண்டேகாலிலிருந்து நாலு மணி வரை ஆறு படங்கள். ஆறிலும் அட்டை. ஆறிலும் அவர் விழித்திருக்கிறார்.

மே 19, திங்கள்

லீவு போட்டுவிட்டு வனஜாக்கா வீட்டுக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது சந்து. வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "உக்காரு" என்று முக்காலியைக் காலால் தள்ளினார்.

கம்ப்யூட்டர் கெட்டிருந்ததைச் சொன்னேன். சூட்டில் அதற்கு நினைவு தடுமாறியதை, இரண்டு பேரும் உட்கார்ந்து கண்டுபிடித்ததை. எல்லாம் கேட்டார்.

"கம்ப்யூட்டருக்கு சூடு தாங்கலன்னதும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்களாக்கும்" என்றார். "குடுத்துவச்ச கம்ப்யூட்டர்."

"நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா, ரூம் இவ்ளோ சூடா இருக்குன்னு."

கீரையை உருவும் கை நின்றது.

"கேட்டனே. மொத வாரம். ரிமோட்டு எங்கம்மான்னு கேட்டன். பேட்டரி தீந்துபோச்சுன்ன. நானே வாங்கியாறட்டுமான்னன். வேணாம், அவர் வாங்குவாருன்ன."

அது எனக்கு நினைவில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். நினைவிருக்கிறது. செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"கேட்டுல அந்த சூப்பர்வைசரு என் பேர அத்தினி பேர் முன்னாடி படிக்கிறான், பரிட்சைல பெயிலானவங்கள படிக்கற மாதிரி. டீச்சரம்மா போன் பண்ணி, வனஜா நீ மருந்து குடுப்பியாமேங்கறாங்க. ஆறு வருசமா அவங்களுக்கு சோறு வடிக்கிறேன். அதுல என்னத்த கலந்தேன்னு இப்ப யோசிப்பாங்கல்ல?"

"நாளைக்கே வந்துடுங்கக்கா. உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி."

"நான் வர்றது அப்புறம். எங்க எழுதினியோ, மொதல்ல அங்கயே எழுது."

மாலையில் எழுதிப்போட்டேன்: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எங்கள் வீட்டில் ஏற்பட்ட தவறான புரிதல் சரிசெய்யப்பட்டது. அனைவருக்கும் நன்றி.' ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

மே 20, செவ்வாய்

கேட்டில் சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார். "மேடம், நீங்க போட்டதுல அவங்க பேரே இல்லியே. நான் எதை வச்சு எடுக்கறது?"

மே 22, வியாழன்

இரண்டு நாளாக அடித்து அடித்து எழுதியதை இன்று காலை அனுப்பினேன். இங்கேயும் இருக்கட்டும்.

'பி பிளாக் 704 சுகந்தி எழுதுகிறேன். வனஜா அவர்களைப் பற்றி 15ஆம் தேதி நான் எழுதியது தவறு. அவர் என் குழந்தைக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் கேமரா வைத்தேன். கேமராவில் தெரிய வேண்டும் என்பதற்காக அவரையும் குழந்தையையும் ஒரே அறையில் இருக்கச் சொன்னேன். ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்றேன். ஏசி ரிமோட்டைப் பூட்டிவைத்துவிட்டு, பேட்டரி இல்லை என்று பொய் சொன்னேன். அந்தச் சூட்டில் எங்கள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. அதனால்தான் வீடியோ கெட்டது. அவர் அதே சூட்டில் என் குழந்தைக்கு விசிறிக்கொண்டு இருந்தார். அவர் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

அனுப்புமுன் தினகர் படித்தார். "ரிமோட் வரைக்கும் எழுதணுமா?"

"நீங்க ஓவர்க்ளாக்க எங்கிட்ட சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

"சொல்லியிருந்தா கம்ப்யூட்டர் சரியாயிருக்கும்" என்றார். சொல்லியிருந்தால் கம்ப்யூட்டர் மட்டும்தான் சரியாகியிருக்கும்.

இரண்டு மணி நேரம் கழித்துக் குழுவில் ஒருவர், அது எந்த கேமரா, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு வந்தது.

மே 24, சனி

கேமராவைக் கழற்றினேன். ஆதிரைக்குச் சளி. காப்பகத்தில் எல்லாக் குழந்தைக்கும் இருக்கிறது.

மே 26, திங்கள்

காலை எட்டேகாலுக்கு ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குக் கிளம்பினேன். கேட்டில் வனஜாக்கா நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சி பிளாக்குக்கு. பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள் போல.

ஆதிரை பார்த்ததும் பாய்ந்துவிட்டாள். அவர் வாங்காமல் இருந்திருந்தால் கீழே விழுந்திருப்பாள்.

"யாரு இது, எளைச்சுட்டியே. மூக்கு வேற ஒழுவுது. உங்கம்மா சோறு ஊட்டறாளா, போனப் பாக்கறாளா?" முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஆதிரை அவர் காதைப் பிடித்துத் திருகினாள்.

"எழுதிட்டேன்க்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆதிரையிடமே பேசினார். "உங்கம்மா எழுதினத டீச்சரம்மா படிச்சுக் காட்டினாங்க. இன்னொரு வாட்டி படிங்கன்னேன். படிச்சாங்க."

"நம்ம வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"சொல்லு உங்கம்மாகிட்ட" என்றார் அவளிடம். "அந்த வீட்டுக்குள்ள வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லு. இப்ப டீச்சரம்மா வீட்ல நாள் பூரா வேல, சாயந்திரம் அஞ்சு மணிக்கு முடியும். கீழ சறுக்குமரத்துகிட்ட ஒன்னக் கூட்டினு வந்தா பாப்பேன். எனக்கு நேரம் இருந்தா."

"கூட்டிட்டு வரேன்" என்றேன். ஐந்து மணிக்கு வர வேண்டுமானால் ஆபீசிலிருந்து நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். அதை நான் சொல்லவில்லை.

ஆதிரை விடமாட்டேன் என்று அவர் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள். வனஜாக்கா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் கையில் கொடுத்துவிட்டு, சி பிளாக் பக்கம் நடந்தார். காப்பகம் வரைக்கும் ஆதிரை என் தோளுக்கு மேலே எட்டி, பின்னால் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். நான் வேகமாக நடக்கவில்லை.